பயத்தை எழுதுங்கண்ணே

"குருவே, எனக்கு இனி இங்கே என்னங்க வேலை?"

கேட்டவர் செங்கோட்டுவேலு. எங்களுக்கெல்லாம் வேலண்ணன். பதில் சொல்ல வேண்டியவள் பெனிட்டா. அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவள்.

பெனிட்டா கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு வாரம் லீவு போடுங்கண்ணே."

"நான் கேட்டதுக்கு இதுவா பதில்?"

"ஆமா."

அவ்வளவுதான். தூத்துக்குடிக்காரர்கள் எல்லாம் இப்படியா என்று எனக்குத் தெரியாது, ஆனால் இவள் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் வாங்குவதற்குள் நமக்குப் பசி எடுத்துவிடும். அதனால்தான் ஆபீசில் குரு என்று பேர். முதலில் கிண்டலுக்கு வைத்தோம். பிறகு ஒட்டிக்கொண்டது.

நான் இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறவன். காதைப் பொத்திக்கொண்டு வேலை பார்க்க முடியாது. இந்தக் கதை எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

எங்களுடையது சின்ன கம்பெனி. கோயம்புத்தூரில், சரவணம்பட்டிப் பக்கம் ஒரே ஒரு மாடி. டயாலிசிஸ் மையங்களுக்கு யார் எந்தக் கிழமை வர வேண்டும், எந்தப் படுக்கை என்று முறை போட்டு, நோயாளிகளுக்கு மெசேஜ் அனுப்புவது எங்கள் புரோகிராம். அந்தத் தகவல் எல்லாம் சேர்ந்து கிடக்கிற இடம் டேட்டாபேஸ். அதற்குக் காவல் வேலண்ணன். டிபிஏ என்பார்கள்.

முன்பெல்லாம் சர்வர் எங்கள் மாடியிலேயே ஓர் ஏசி அறையில் இருந்தது. சாவி வேலண்ணன் இடுப்பில். பாஸ்வேர்டு வேலண்ணன் தலையில். டேபிளில், அதாவது தகவல் அட்டவணையில், ஒரு வரி மாற்ற வேண்டும் என்றாலும் அவர் மேஜை முன்னால் போய் நிற்க வேண்டும்.

"அண்ணா, சின்ன வேலைதான்."

"வெள்ளிக்கிழமை நான் எதுலயும் கை வைக்கறதில்லீங்க."

"இன்னைக்கு வியாழன்தாங்க அண்ணா."

"நான் முடிக்கிறதுக்குள்ள வெள்ளி ஆயிருமே."

அப்படி நின்றவர்களில் பெனிட்டாவும் ஒருத்தி. அப்போது அவள் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள்.

பிறகு எல்லாம் க்ளவுடுக்குப் போனது. வேறு எங்கோ, வேறு யாரோ வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். பேக்கப் தானே எடுத்துக்கொள்கிறது. படுத்தால் தானே எழுந்துகொள்கிறது. மாற்றம் செய்ய யார் மேஜை முன்னாலும் நிற்க வேண்டாம். பெனிட்டா ஒரு பைப்லைன் கட்டி வைத்தாள். எழுதியதை அதில் போட்டால், அதுவே சோதித்து, அதுவே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கிழமை பார்க்காது.

காலியான சர்வர் அறையில் இப்போது சாப்பாட்டு மேஜை கிடக்கிறது. பழைய ஏசி அப்படியே இருப்பதால் தயிர்சாதம் ஜில்லென்று இருக்கும். வேலண்ணன் மட்டும் அங்கே வந்து சாப்பிடுவதில்லை.

லீவு என்றதும் அவருக்குச் சுருக்கென்றது. கல்யாண வீட்டுக்கே லேப்டாப்போடு போகிறவர் அவர். ஆனாலும் குருவின் வாக்காயிற்றே. போட்டார்.

---

ஒரு வாரம் கழித்து வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"நல்லாத் தூங்குனீங்களா அண்ணே?" என்று கேட்டாள் பெனிட்டா.

"எங்கீங்க தூங்கறது. போன் வருதான்னு பார்த்துட்டே கிடந்தேன்."

"வந்துச்சா?"

"ஒருத்தரும் கூப்பிடலை."

"நல்லதுதானே."

"என்னங்க நல்லது? ஒரு வாரம் நான் இல்லை. ஒரு சத்தம் இல்லை. மச்சான் வந்தவரு கேக்கறாரு, மாப்பிள்ளை உங்க போனு ரிப்பேரான்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"என்னையக் காட்டறதுக்குத்தான் லீவு போடச் சொன்னீங்களா? நான் வேண்டாத ஆளுன்னு?"

பெனிட்டா நாற்காலியைத் திருப்பி அவரை நேராகப் பார்த்தாள்.

"நீங்க தூங்கணும்னுதான் சொன்னேன்."

அவர் நம்பவில்லை. அன்றைக்கே மேனேஜர் தியாகு அறைக்குப் போய் ராஜினாமா கொடுத்துவிட்டார்.

தியாகு கெட்ட மனுஷன் இல்லை. "பெனிட்டா டீமில் சேர்ந்துக்கங்க அண்ணா, புது வேலை, உங்களுக்கு ஒரு இடம் எப்பவும் இருக்கு" என்று சொல்லிப் பார்த்தார்.

"இந்த வயசுல போய் ஆனா ஆவன்னா எழுதச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார் வேலண்ணன். நோட்டீஸ் காலம் முடிந்ததும் போய்விடுவது என்று முடிவானது. கடைசி நாள் கார்த்திகையில், ஒரு வெள்ளிக்கிழமை.

எங்களுக்கு மனசே சரியில்லை. கோபக்காரர்தான், வீம்பு பிடித்தவர்தான். ஆனால் அவர் இல்லாத ஆபீசை நினைத்துப் பார்க்க யாருக்கும் பிடிக்கவில்லை.

---

மறுநாள் காலையில் பெனிட்டா அவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஒரு உதவி. இது சோதனைக்கு வெச்ச நகல். இதை அழிச்சுருங்க."

வேலண்ணன் உட்கார்ந்தார். கீபோர்டில் கை வைத்தார். கையை எடுத்தார்.

"இது யாருதுங்க?"

"என்னுது."

"வேற யாராச்சும் இதுல வேலை பார்க்கறாங்களா?"

"தெரியலை."

"பேக்கப் இருக்குதா?"

"இருக்கு."

"திரும்ப ஏத்திப் பார்த்தீங்களா?"

"இல்லை."

"அப்புறம் எப்படிங்க இருக்குன்னு சொல்றீங்க?"

பெனிட்டா தன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். தன் பக்கத்தில் பைப்லைனைத் திறந்து ஒரு வரி தட்டினாள். வேலண்ணன் அடுத்த கேள்விக்கு வாயெடுப்பதற்குள் நகல் போய்விட்டது.

அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். வெறும் சோதனை நகல்தான்.

"உங்களுக்கு ஏண்ணே கை வரலை?"

"பயம்ங்க."

"பைப்லைனுக்கு அது இல்லை."

"அதனாலதான் இந்த ஓட்டம் ஓடுது."

"ஆமா," என்றாள் பெனிட்டா. "எழுதுங்க."

"எதைய?"

"பயத்தை."

"பயத்தை எப்படிங்க எழுதறது?"

"இப்ப என்கிட்ட கேட்டீங்களே, அதே மாதிரி. பைப்லைன் கேட்கட்டும். பதில் வந்தாத்தான் மேல போகட்டும்."

"நான் போற ஆளுங்க."

"போறதுக்கு முன்னாடி எழுதிட்டுப் போங்க."

---

வேலண்ணன் முதலில் எழுதியது இது: வெள்ளிக்கிழமை எதையும் தொடக்கூடாது.

பெனிட்டா அதை எடுத்துவிட்டாள்.

"ஏனுங்க?"

"இது பயம் இல்லைண்ணே. பழக்கம்."

"எந்த வெள்ளிக்கிழமையும் நான் வருத்தப்பட்டதில்லை, தெரியுங்களா?"

"நாங்க பட்டிருக்கோம்."

வேலண்ணன் அவளை முறைத்தார். அவளும் அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவருக்கே மீசைக்குள் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டாவது எழுதியதை அவள் வைத்துக்கொண்டாள். பேக்கப் இருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்பாதே, வேறோர் இடத்தில் ஏற்றிக் காட்டச் சொல், எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் விடு. இதைப் பைப்லைனுக்குப் புரிகிற மொழியில் எப்படி எழுதுவது என்று அவள் காட்டிக் கொடுத்தாள். அவர் திட்டிக்கொண்டே கற்றுக்கொண்டார். ஆனா ஆவன்னாதான். ஆனால் அவருக்கு அது சீக்கிரமே கை வந்துவிட்டது. இத்தனை வருஷம் தலைக்குள் இருந்ததுதானே.

அதன் பிறகு எங்கள் ஆபீஸ் புலம்ப ஆரம்பித்தது.

"பைப்லைன் என்னைக் குறுக்கு விசாரணை பண்ணுதுப்பா."

"இந்த டேபிளை யார் படிக்கிறாங்கன்னு கேக்குது. எனக்கு என்ன தெரியும்?"

"தெரியாம எதுக்குத் தொடறேன்னு கேக்குது. நிஜமாவே அப்படித்தான் எழுதியிருக்கு."

ஒரு நாள் எங்கள் ஆள் ஒருவன் செய்த மாற்றத்தில் ஒரு தவறு. போயிருந்தால் அன்றைக்கு முறை உள்ளவர்களுடைய படுக்கை எண் எல்லாம் அழிந்திருக்கும். வேலண்ணன் எழுதிய கேள்வி குறுக்கே நின்றுவிட்டது. அவன் எழுந்தான். நேரே பேக்கரிக்குப் போய் ஒரு முட்டை பப்சும் டீயும் வாங்கி வந்து வேலண்ணன் மேஜையில் வைத்தான்.

"எதுக்குப்பா?"

"சும்மாங்க அண்ணா."

வேலண்ணன் அந்த பப்சைச் சாப்பிடாமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பெனிட்டாவிடம் போனார்.

"நான் சொல்றதை நான் இல்லாமயே அது சொல்லுது."

"நல்லதுதானே."

"நல்லதுதானுங்க. ஆனா நான் ஒரு வரி எழுதினா ஒரு வரி குறையற மாதிரி இருக்கு. எல்லாத்தையும் எழுதி முடிச்சா, நான்னு என்ன மிஞ்சும்?"

"எழுதி முடிச்சுப் பாருங்க."

இதுவும் ஒரு பதிலா என்று எனக்கே கோபம் வந்தது. மனுஷன் மனசு விட்டுக் கேட்கிறார், இரண்டு வார்த்தை ஆறுதலாகச் சொன்னால் இவள் குறைந்தா போய்விடுவாள்?

வேலண்ணன் தன் இடத்துக்குப் போனார். அன்றைக்குத்தான் அந்த முடிவை எடுத்தார்.

---

என்ன முடிவு என்று சொல்கிறேன். பின்னால் அவரே என்னிடம் சொன்னது.

எங்கள் டேட்டாபேஸில் 'டெம்ப் டூ' என்று ஒரு டேபிள். டெம்ப் என்றால் தற்காலிகம். எங்கள் தொழிலில் இது ஒரு வியாதி. அவசரத்துக்கு ஒரு டேபிள் போடுவான், அப்புறம் நல்ல பேர் வைத்துக்கொள்ளலாம் என்று டெம்ப் என்று பேர் வைப்பான், பேர் வைக்காமலே வேலையை விட்டுப் போய்விடுவான். அது தங்கிவிடும்.

இந்த டெம்ப் டூவும் அப்படி வந்ததுதான். பொங்கலுக்கு எந்த மையம் எந்த நாள் மூடும், அன்றைக்கு முறை உள்ளவர்களை முன்னதாக எந்த நாளுக்கு மாற்ற வேண்டும், யாரைத் தள்ளிப்போடவே கூடாது என்கிற விவரம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. புரோகிராம் அதைப் படிப்பது வருஷத்துக்கு ஒரு முறை, பொங்கலுக்கு முந்தின வாரம். மற்ற நாளெல்லாம் அது சும்மா கிடக்கும்.

அந்த டேபிள் இல்லாவிட்டால் புரோகிராம் நின்று கத்தாது. எந்த மையத்துக்கும் லீவு இல்லை என்று எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் வழக்கம்போல் வாருங்கள் என்று மெசேஜ் அனுப்பிவிடும். பொள்ளாச்சியிலிருந்தும் அன்னூரிலிருந்தும் விடியற்காலை பஸ் பிடித்து வருகிறவர்கள் பூட்டின கேட் முன்னால் வந்து நிற்பார்கள். உடம்பில் சேர்ந்த தண்ணீர் பொங்கலுக்காகக் காத்திருக்காது. சிலருக்கு ஒரு நாள் தள்ளினாலே மூச்சு முட்டும்.

இது வேலண்ணனுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

அவர் போகிற அன்றைக்கு க்ளவுடில் ஒரு சுத்தம் செய்கிற வேலை வைத்திருந்தார்கள். டெம்ப் என்று பேர் உள்ளதும், மாதக்கணக்கில் யாரும் படிக்காததும் அழியும். எதை விட்டுவைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டியவர் வேலண்ணன்தான்.

அவர் நிறைய எழுதிக் கொடுத்தார். டெம்ப் டூவை எழுதவில்லை.

க்ளவுடில் பழைய பேக்கப் ஒரு மாதம்தான் நிற்கும். பொங்கலுக்குத் தேடினால் அதிலும் இருக்காது.

---

கடைசி வாரம். மத்தியானம் ஆபீஸ் கொஞ்சம் ஓய்ந்திருந்தது.

"குருவே, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்கண்ணே."

"அந்தக் காலத்துல என் மேஜை முன்னால எத்தனையோ தடவை நின்னிருக்கீங்க. நான் திங்கக்கிழமை வா, புதன்கிழமை வான்னு அலைய விட்டிருக்கேன்."

"ஆமா."

"அப்ப என்னைய என்னன்னு நினைச்சீங்க?"

"கெட்ட கெட்ட வார்த்தையில நினைச்சேன்."

வேலண்ணன் தலை குனிந்துகொண்டார்.

"இப்ப அதுக்குப் பதிலுக்குப் பதிலா?"

பெனிட்டா யோசித்தாள். அவள் யோசித்துப் பேசும்போது நமக்குப் பயமாக இருக்கும்.

"இல்லைண்ணே. நான் திட்டிக்கிட்டே வீட்டுக்குப் போவேன். ஆனா போய் நல்லாத் தூங்குவேன். டேட்டாபேஸ் பக்கம் ஒருத்தர் முழிச்சுக்கிட்டு இருக்கார்னு தெரியும். இப்ப பைப்லைன் என்னுது. உங்களை லீவுல அனுப்பின வாரம் நான்தான் முழிச்சுக்கிட்டு இருந்தேன்."

நான் அவளிடமிருந்து கேட்ட மிக நீளமான பேச்சு அது.

வேலண்ணன் வாயைத் திறந்தார். ஏதோ சொல்ல வந்தார் என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

"எழுத வேண்டியது எல்லாம் எழுதியாச்சாண்ணே?" என்று அவள் கேட்டாள்.

"ஆச்சுங்க," என்றார்.

"சரி."

அவ்வளவு லேசாகச் சரி என்றாள். அன்றைக்கு முழுக்க வேலண்ணன் யாருடனும் பேசவில்லை. நான் பிரிவு வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

---

வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

பழைய சர்வர் அறையில் கேக் வாங்கி வைத்திருந்தோம். சால்வை, மாலை எல்லாம் தயார். தியாகு பேசுவதற்குக் குறிப்பெடுத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

வேலண்ணன் மேஜையைக் காலி செய்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பெனிட்டாவிடம் சொல்லிக்கொள்ள வந்தார்.

அவள் பைப்லைனில் எதையோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க பண்றீங்க?"

"எதையும் அழிக்கிறதுக்கு முன்னாடி இது உங்ககிட்ட ஒரு தடவை கேட்கும் இல்லையாண்ணே, அழிக்கலாமான்னு. அதை எடுக்கிறேன். நாளைலேர்ந்து நீங்க இல்லையே."

"அப்ப யாரைக் கேக்கும்?"

"யாரையும் கேட்காது."

"நீங்க பார்ப்பீங்க இல்லீங்க?"

"எதுக்கு? நீங்க எழுதிட்டதாச் சொன்னீங்களே."

"ஒரு தடவை பார்த்துட்டு ஓட்டுங்க."

பெனிட்டா திரும்பி அவரைப் பார்த்தாள். அவளுக்கு நிஜமாகவே அந்தப் பேச்சு புரியவில்லை.

"நீங்க எழுதினதை நான் எதுக்குண்ணே பார்க்கணும்?"

சொல்லிவிட்டு ஓட விட்டாள்.

வரி வரியாக ஓடியது. பேர் வரிசைப்படி ஒவ்வொரு டேபிளாக எடுத்து, வேலண்ணன் எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்த்து, இருக்கட்டும் என்று எழுதியிருந்தால் விட்டது, இல்லாவிட்டால் அழித்தது. எந்தக் காலத்திலோ யாரோ போட்டுவிட்டுப் போன குப்பையெல்லாம் போய்க்கொண்டிருந்தது.

வேலண்ணன் போகவில்லை. பையோடு அப்படியே நின்றார். நான் எழுந்து நின்று அவர் முகத்தைப் பார்த்தேன். வேர்த்திருந்தது.

டெம்ப் என்று தொடங்கும் பேர்கள் வந்தன. ஒன்று போனது. இன்னொன்று போனது.

"நிறுத்துங்க."

மெதுவாகத்தான் சொன்னார். பெனிட்டா கை உடனே நிறுத்திவிட்டது. ஏன் என்று கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

"அடுத்தது எதுங்க?"

"டெம்ப் டூ."

"அது டெம்ப் இல்லீங்க."

பையை இறக்கிக் கீழே வைத்தார். சொன்னார். பொங்கல், மூடுகிற மையங்கள், போகப்போகிற மெசேஜ் எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னார். அது என்ன டேபிள் என்று எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

பெனிட்டா முகம் வெளுத்துவிட்டது.

"எனக்குத் தெரியாதுண்ணே. சத்தியமாத் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

"மறந்துட்டீங்களா?"

நல்ல பெண். அவர் தப்பித்துக்கொள்ள ஒரு வாசலைத் திறந்து வைத்தாள். ஆமாங்க, வயசாச்சு, மறந்துட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சால்வையைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"இல்லீங்க. மறக்கலை. வேணும்னேதான் விட்டேன்."

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"பொங்கலுக்கு எல்லாம் குழம்பும். வேலு இருந்திருந்தா இப்படி ஆகியிருக்குமான்னு இந்த ஆபீஸே என்னையத் தேடும்னு இருந்தேன். அன்னைக்கு மட்டும் போன் வந்தாப் போதும்னு இருந்தேனுங்க."

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கோபப்படுவதா, அந்த மனுஷனைக் கட்டிக்கொள்வதா என்றும் தெரியவில்லை.

பெனிட்டா கோபப்படவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்தாள். அவருக்குப் பக்கத்தில் வந்து நின்று, ரொம்பத் தணிந்த குரலில் கேட்டாள்.

"கேட் முன்னாடி வந்து நிக்கிறவங்க யாரைத் தேடுவாங்கண்ணே?"

வேலண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கதவைத் தள்ளிக்கொண்டு தியாகு எட்டிப் பார்த்தார்.

"வேலண்ணா, வாங்க. எல்லாரும் காத்துட்டிருக்காங்க. மெழுகுவத்தி ஏத்தியாச்சு."

வேலண்ணன் பெனிட்டாவின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். கீபோர்டைத் தன் பக்கம் நகர்த்தினார்.

"கேக்கை ஃப்ரிட்ஜில வெச்சிருங்க தியாகு," என்றார். "எழுதாம விட்டது இது ஒண்ணு மட்டும் இல்லீங்க. இன்னும் இருக்கு."